ஆறு மேசை, நாலு பதார்த்தம்: கீழக்கரைப் பக்கம் மலாய் வீட்டுச் சாப்பாட்டுக் கடை போட நினைப்பவர்களுக்கு

மலேசியாவில் சில வருஷம் சமையல்கட்டில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவரிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் கடைப் பேச்சு வந்துவிடும். "நம்ம பக்கம் ஒரு நாசி லெமாக் கடை போட்டா ஓடும் காக்கா." (நாசி லெமாக் மலாய்த் தேங்காய்ப்பால் சோறு; காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.) ஓடும்தான். நானும் அப்படிச் சொல்லித்தான் தொடங்கினேன். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு மேசை. சமையல் என் லாத்தா, அதாவது அக்கா. கல்லா, சந்தை, டீ ஆற்றுவது எல்லாம் நான்.

தொடங்கிய மாதம் மெனு அட்டையில் இருபத்தேழு பதார்த்தம் இருந்தது. இப்போது நாலு. இந்த இருபத்தேழுக்கும் நாலுக்கும் நடுவே கையில் இருந்த காசு கொஞ்சம் கரைந்தது. இன்று ஒருவர் புதிதாக இறங்கப்போகிறேன் என்று வந்து கேட்டால் எந்த வரிசையில் செய்யச் சொல்வேனோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

பெட்டியைத் தள்ளி வையுங்கள், அடுப்படியைப் பாருங்கள்

ஊர் வரும்போது பெலாச்சான், பாண்டான் எசன்ஸ், சோயா பாட்டில் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வருவது எல்லாருடைய வழக்கம். அது தீர்ந்ததும், அடுத்து யார் பயணம் வருகிறார்கள் என்று குருவிகளை, அதாவது சாமான் சுமந்து வரும் ஆட்களை, விசாரித்துக்கொண்டு நிற்போம். பெட்டியை நம்பிக் கடை நடத்த முடியாது. சட்டப்படியும் வம்பு. இறக்குமதியாகும் உணவுப் பொருளின் மேல் இறக்குமதி செய்தவர் பெயரும் அவருடைய எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இருக்க வேண்டும். கைப்பெட்டியில் வந்ததில் அது எங்கே இருக்கும்?

பெட்டி தேவையும் இல்லை. மலாய் அடுப்படியில் இருப்பதில் முக்கால்வாசி நம் கரையில் வேறு பெயரில் கிடக்கிறது. பெலாச்சான் என்பது பொடிக் கூனி இறாலை உப்புப் போட்டு இடித்து, புளிக்கவைத்து, காயவைத்த கட்டி. அந்தக் கூனியைக் காயவைத்து நம் சந்தையில் அளந்து விற்கிறார்கள். சென்னாக்குன்னி என்று கேட்டால் கொடுப்பார்கள். அங்கே 'இக்கான் பிலிஸ்' என்று கண்ணாடி ஜாடியில் வைத்து விற்பது நெத்திலிக் கருவாடு. பாண்டான், நம் வீட்டு நெய்ச்சோற்றில் போடும் ரம்பை இலை. 'குலா மெலாக்கா'வுக்குக் கருப்பட்டி. அவர்கள் தென்னம்பாளையில் இறக்குவதை நாம் பனையில் இறக்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சாயல்குடிப் பக்கம் நேரடியாகப் போய் வாங்கினால் சர்க்கரை கலக்காத கருப்பட்டி கிடைக்கும். உடைத்துப் பாருங்கள், உள்ளே பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

எலுமிச்சைப் புல்லை ஒரு உடைந்த சிமென்ட் தொட்டியில் நட்டால் போதும். இந்த வெயிலுக்கும் அது அசராது. காஃபிர் லைம் இலைக்குப் பதில் நார்த்தை இலை, நடு நரம்பைக் கிழித்துவிட்டு. அரத்தை மட்டும்தான் கொஞ்சம் தொல்லை. மலாய்க்காரர்கள் 'லெங்குவாஸ்' என்று பச்சையாகப் போடுவது பெரிய அரத்தை. நாட்டுமருந்துக் கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காய்ந்த சித்தரத்தை. கட்டைவிரல் நகம் அளவுக்கு மேல் போட்டால், சாப்பிட வந்தவர் இருமலுக்கு மருந்தா கொடுத்தீர்கள் என்று கேட்பார். கேட்டிருக்கிறார்.

கீழக்கரைத் தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. மலாய்க்காரர்கள் கிட்டத்தட்ட அதையே டோடோல் என்கிறார்கள். நோன்பு திறக்கச் செய்யும் கடல்பாசி இனிப்புக்கு 'அகர் அகர்' என்று ஊர் உலகமெல்லாம் வழங்கும் பெயரே மலாய்ச் சொல். அதற்கான பாசியை மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் முங்கி எடுக்கிறார்கள். பினாங்கின் நாசி கண்டார், துறைமுகத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் தோள்கம்பின் இரண்டு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுச் சுமந்து விற்ற சாப்பாடு. அந்தச் சுமப்பைத்தான் 'கண்டார்' என்கிறது பெயர். முதல் நாள் சம்பல் (நாசி லெமாக்குக்கு வைக்கும் மிளகாய்த் தொக்கு) அரைக்கும்போது லாத்தா சொன்னது: "ஒரே கூட்டுத்தான்டா. பேரைத்தான் மாத்தி வச்சிருக்கான்."

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டில் இடது பக்கம் மலாய்ப் பெயர், வலது பக்கம் நம் பெயர், அதற்கடுத்து எந்தச் சந்தையில் யாரிடம் கிடைக்கும், என்ன விலை. வலது பக்கம் காலியாக நிற்கும் பொருளைக் கேட்கும் பதார்த்தத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நாலு பதார்த்தம்

எங்களுடைய நாலு இவை. மத்தியானம் நாசி லெமாக், அசாம் பெடாஸ். சாயங்காலம் அத்தோ. நாள் முழுக்க தே தாரிக்கும் கடல்பாசியும். இதை ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள்.

நாசி என்றால் சோறு, லெமாக் என்றால் கொழுப்பு. தேங்காய்ப்பால் சோறு, சம்பல், பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை. எல்லாமே முன்கூட்டிச் செய்து வைக்கிறவை, தட்டில் வைக்க ஒரு நிமிஷம் போதும். இரண்டே ஆள் இருக்கும் கடைக்கு இதைவிடத் தோதான சாப்பாடு இல்லை. அசாம் பெடாஸ் புளிப்பும் உறைப்புமான மீன் குழம்பு. 'அசாம்' புளிப்பு, 'பெடாஸ்' உறைப்பு. அன்றைக்குக் கரையில் என்ன மீனோ அது. நம் மீன் குழம்பை விட நீர்க்க இருக்கும், மல்லித்தூள் கிடையாது, எலுமிச்சைப் புல் வாசம் தூக்கலாக இருக்கும். தே தாரிக் என்றால் 'இழுத்த டீ'. கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி ஆற்றுவது. டீ ஆற்றுவதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மலாய்க் கடையில் பர்மா அத்தோ எதற்கு என்று கேட்கலாம். 1962ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964ல் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. சென்னை பர்மா பஜார் பக்கம் சாப்பிட்டுப் பழகிய பையன்கள் ஊருக்கு வந்தால் அத்தோவைத் தேடுகிறார்கள். நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை. எல்லாவற்றையும் கையால் பிசைந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். நாசி லெமாக் என்ற பெயருக்குத் தயங்குகிறவர்கள் அத்தோவுக்கு வந்து, மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு வருகிறார்கள். மொய்ங்காவும் (பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ்) செய்கிறோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் நல்ல கெளுத்தி கிடைத்தால்.

ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த கறி), லக்சா (நூடுல்ஸ் குழம்பு), மூர்த்தபாக் (கறியும் முட்டையும் வைத்து மடித்த பரோட்டா) எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ரெண்டாங் உயிர். இருந்தும் மெனுவில் இல்லை, நாலு மணிநேரம் ஒரு அடுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடல் அட்டை பற்றி ஒரு வார்த்தை. தென்கிழக்காசியாவில் அதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த யாராவது உங்கள் காதில் ஓதுவார்கள். 2001லிருந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எதுவுமே ஜெயில் சமாச்சாரம். கடல்குதிரையும் ஆமையும் அப்படியே. கடைப் பக்கமே அண்ட விடாதீர்கள்.

முதல் மாதம் வீட்டிலிருந்தே

இடம் பார்க்கும் முன் நாலு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பொட்டலம் போட்டு விற்றுப் பாருங்கள். இருபது பொட்டலம், வாழையிலை, மேலே செய்தித்தாள் இல்லாமல் வெறும் பழுப்புத் தாள் (அச்சுமை சாப்பாட்டில் ஒட்டும்). வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் இருபது பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். பத்துப் பேர் அந்த ருசி தெரிந்தவர்களாக, அதாவது பினாங்கிலோ ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வந்த ஆட்களாக இருக்கட்டும். பத்துப் பேர் தெரியாதவர்கள். இரண்டு கூட்டமும் இரண்டு விதமாகக் குறை சொல்லும், இரண்டும் தேவை.

எங்களுக்கு முதல் வாரமே கிடைத்தது. பினாங்கில் முப்பது வருஷம் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், பொட்டலத்தைப் பிரித்து, விரல் நுனியில் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்ன குறை மாமா?"

"மீன் கொழம்பை வத்த வச்சுக் கொண்டாந்திருக்கே. சம்பல் மொதல்ல இனிக்கணும்டா. அப்புறம்தான் ஒறைக்கணும். நீ எடுத்தவுடனே ஒறைக்க வச்சிட்டே. எண்ணெய் பிரிஞ்சதா?"

"பிரிஞ்சது மாமா."

"பிரியல. பிரிஞ்சா மாதிரி உனக்குத் தோணிருக்கு."

லாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் இன்னும் இருபது நிமிஷம் கூட அடுப்பில் வைத்தாள்.

சம்பல்

கடையின் பெயர் சம்பலில்தான் இருக்கிறது. சோறு ஒரு நாள் குழைந்தால் மன்னிப்பார்கள், சம்பல் தவறினால் திரும்பி வரமாட்டார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முப்பது தட்டுக்கு 200 கிராம் ராமநாதபுரம் முண்டு மிளகாய். நம் குண்டு வத்தல்தான். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது இதற்குத்தான். தோல் தடித்தது, நிறம் நன்றாக இறங்கும், நீட்டு வத்தல் மாதிரி சுள்ளென்று ஏறாது. சம்பலுக்கென்றே விளைந்த மாதிரி எனக்குத் தோன்றும். காம்பைக் கிள்ளி, முக்கால்வாசி விதையை உதறிவிட்டு, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் கசப்பு இருக்கும். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, அதில் முக்கால் கிலோவை மிளகாயோடும் எட்டுப் பத்துப் பல் பூண்டோடும் சேர்த்து விழுதாக அரையுங்கள். மிச்சத்தை மெல்லிசாக நறுக்கி வையுங்கள்.

சென்னாக்குன்னி இரண்டு கைப்பிடி. இதில்தான் நாங்கள் மாட்டினோம். பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே மண் இருக்கும். கடற்கரை மணலில் காயவைக்கிற பொருள் அல்லவா. இரண்டாம் வாரம் ஒரு வாடிக்கையாளர் வாயில் நறநறவென்றதும் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார், காசு கொடுத்துவிட்டுத்தான் போனார். அது இன்னும் உறைக்கிறது. இப்போது முதலில் சல்லடையில் சலிப்போம். அப்புறம் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, மிதப்பதை மட்டும் கையால் அள்ளி எடுப்போம். இப்படி மூன்று தடவை. அடியில் மண்ணோடு நிற்கும் தண்ணீரைக் கூனியோடு சேர்த்துச் சாய்க்கவே கூடாது. பிறகு வெயிலில் ஈரம் போக உலர்த்தி, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து இடித்து வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு ஆகும்.

அடிகனமான இரும்புச் சட்டியில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே எண்ணெய். கை நடுங்கும், ஆனால் குறைக்காதீர்கள். விழுதைப் போட்டு, சிறு தீயில் கிளறத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிஷம் விழுது எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் களிமாதிரி நிற்கும். பதினைந்து நிமிஷத்தில் ஓரத்தில் எண்ணெய் தலைகாட்டும். இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள், பெரியவர் சொன்ன 'பிரிஞ்சா மாதிரி' இதுதான். நிறுத்தாதீர்கள். எண்ணெய் மறுபடியும் உள்ளே போகும். நாற்பது நிமிஷம் ஆகும்போது கொப்புளம் சின்னதாகி, சத்தம் மாறும். சலசலப்பு அடங்கி மெல்லிய சிடுசிடுப்பு மட்டும் கேட்கும். விழுது செங்கல் நிறம் தாண்டி அரக்கு நிறத்துக்கு வந்து, கரண்டியால் ஒதுக்கினால் பள்ளத்தில் சிவப்பெண்ணெய் குளம் கட்டி நிற்கும். மலாய்ச் சமையல்காரர்கள் இதைப் 'பெச்சா மிஞாக்' என்பார்கள், எண்ணெய் உடைவது. இப்போது நறுக்கிய வெங்காயம், இடித்த சென்னாக்குன்னி, எலுமிச்சம்பழ அளவு இரண்டு உருண்டைப் புளியின் கரைசல், தட்டிய கருப்பட்டி 100 கிராம், உப்பு. இன்னும் பத்து நிமிஷம். முதல் தொடுதலில் இனிக்க வேண்டும்.

பெலாச்சானையே நாங்களும் ஒரு தடவை வீட்டில் போட்டுப் பார்த்தோம். மாடியில் மூன்றாம் நாள் அடித்த வாடைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சத்தம். கருவாடு காயும் ஊரில் வாடைக்குப் புகார் வந்தது எங்களுக்குத்தான்! இப்போது வறுத்த சென்னாக்குன்னியோடு சரி.

சோறு

புழுங்கலரிசி தேங்காய்ப்பாலை ஒழுங்காக வாங்காது. பழைய பொன்னிப் பச்சரிசி எடுங்கள். பாஸ்மதி தேவையில்லை, சீரகச் சம்பாவின் வாசம் ரம்பையோடு சண்டை போடும். ஒரு கிலோ அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து வடித்து, இரண்டு தேங்காயில் எடுத்த இரண்டாம் பால் ஒன்றேகால் லிட்டர், முடிச்சுப் போட்ட ரம்பை இலை இரண்டு, தட்டிய இஞ்சி, உப்பு சேர்த்து ஏற்றுங்கள். தண்ணீர் சுண்டி அரிசி தலைதூக்கும்போது முதல் பால் கால் லிட்டரைச் சுற்றி ஊற்றி, மூடி, தம். முதல் பாலை ஆரம்பத்திலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும், திரிந்தும் போகும். ஒரு கிலோவுக்குப் பத்துத் தட்டு வரும்.

மொத்தமாகப் பொங்கி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் தேங்காய்ப்பால் சோறு மத்தியானம் தாண்டுமுன்பே வழவழக்கத் தொடங்கிவிடும். நாங்கள் பதினொன்றரைக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை. சுடச்சுட, அதாவது 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. எங்களிடம் ஹாட்பாக்ஸும் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரும் இருக்கின்றன. மிச்சம் மறுநாளைக்குக் கிடையாது.

தண்ணீர் விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இடம் பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் இதைக் கேளுங்கள். நம் கரையில் பல கிணறு, போர் எல்லாம் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் பொங்கினால் சோறு மஞ்சள் பாரித்துவிடும், டீ சொதப்பிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, குடம் என்ன விலை, சின்டெக்ஸ் தொட்டி வைக்க மாடி தாங்குமா என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். செண்டோல் மாதிரி ஐஸ் போட்ட பண்டம் விற்க ஆசை வந்தால், மீனுக்கு வாங்கும் ஐஸ் கட்டியைச் சாப்பாட்டுக்குத் தொடவே கூடாது. குடிநீரில் நீங்களே உறைய வையுங்கள்.

காகிதங்கள்

எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை அவர்களுடைய ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே செய்யலாம். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார், போட்டோ, இடத்துக்கான ஆவணம், என்ன செய்து விற்கிறோம் என்ற விவரம். நான் இது தெரியாமல் ஒரு தரகரிடம் 3,500 ரூபாய் கொடுத்தேன். அவர் செய்தது இருபது நிமிஷ வேலை. கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கல்லாவுக்கு மேலே கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

நகராட்சி அல்லது ஊராட்சியில் தொழில் உரிமம். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், காசு கேட்பவரிடம் போகாதீர்கள்; வங்கியில் முத்ரா கடன் (சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) கேட்கும்போது கை கொடுக்கும். முத்ராவில் 'சிசு' பிரிவு 50,000 ரூபாய் வரை. இந்த அளவுக் கடைக்குப் பாத்திரம், அடுப்பு, மேசைக்கு அது ஓரளவு போதும், பாத்திரத்தைப் பழையதாக வாங்கினால். ஜிஎஸ்டி பற்றி ஆண்டு விற்பனை 20 லட்சத்தை நெருங்கும்போது கவலைப்படலாம்.

வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். விலை கூடத்தான், ஆனால் பிடிபட்டால் கடையே போய்விடும். பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டில் தடை. நமக்கு அதில் நஷ்டமே இல்லை, நாசி லெமாக்கே வாழையிலைப் பண்டம்தான்.

கரைக்குப் போவது

அசாம் பெடாஸ் போடுகிறவருக்குக் கடல் காலண்டர் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு போகும், ஆனால் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதம் அசாம் பெடாஸை நெத்திலிக் கருவாட்டிலும் முட்டையிலும் ஒப்பேற்றுகிறோம். முட்டை அசாம் பெடாஸுக்கென்றே இப்போது சிலர் வருகிறார்கள். வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளித்தால் தென்கடலில் (மன்னார் வளைகுடா) மீன் இருக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசினால் தலைகீழ். இரண்டு பக்கமும் ஒரு போன் நம்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தில் நேராக இறங்காதீர்கள். ஏலக்காரர் சொல்லும் வேகத்தில் புதிதாக வந்தவருக்கு என்ன மீனுக்கு எந்த விலை நின்றது என்றே புரியாது. வியாபாரிகள் கூடை கூடையாகத் தூக்கிப்போன பிறகு, கூறு கட்டி விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். நான் வாங்கும் ஆத்தா முதல் மாதம் என்னைப் பார்த்ததும் தராசை எடுப்பார். இப்போது தூரத்தில் வரும்போதே, "பாய், இன்னைக்குப் பாறை வேணாம், நேத்து மீன். வெளமீன் இருக்கு, அதைக் கொண்டு போ" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு ஆறு மாதம் பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறேன். அசாம் பெடாஸுக்குப் பாறையும் விளமீனும் நன்றாக நிற்கும். சூடை ருசி, ஆனால் முள்ளுக்குப் பயந்து வெளியூர்க்காரர்கள் ஒதுக்குவார்கள்.

விலை போடுவது

முப்பது தட்டு நாசி லெமாக்குக்கு எங்கள் கடைக் கணக்கு, சமீபத்தில் ஒரு வாரம் எழுதி வைத்தது. அரிசி 180, ஆறு தேங்காய் 240, அரை முட்டை வீதம் 15 முட்டைக்கு 100, வேர்க்கடலை 80, நெத்திலிக் கருவாடு 160, மிளகாய் 50, வெங்காயம் 60, வெள்ளரி 60, எண்ணெய் 80, புளியும் கருப்பட்டியும் சில்லறையும் 60, இலை 60. மொத்தம் 1,130. தட்டுக்கு 38 ரூபாய் வருகிறது. வாடகை, கேஸ், தண்ணீர், கூலி, கொட்டிப்போவது எல்லாம் இதற்கு வெளியே. பொருள் செலவு விற்கும் விலையில் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது என்பது என் அனுபவம். அதனால் 95. முதலில் 60க்கு விற்றேன், கூட்டம் அலைமோதியது, மாதக் கடைசியில் லாத்தாவிடம் கடன் வாங்கினேன்.

தேங்காய் விலை ஏறும்போது விலையை ஏற்றாதீர்கள், பாலையும் நீர்க்க விடாதீர்கள். முட்டையைக் காலாக்குங்கள், நெத்திலியைக் கொஞ்சம் குறையுங்கள். சோறும் சம்பலும் மாறினால்தான் கண்டுபிடிப்பார்கள்.

வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியவை

ராமேஸ்வரம் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, "வெஜ் இருக்கா?" என்று கேட்கிற குடும்பங்கள் வரும். தேங்காய்ப்பால் சோறும் வெள்ளரியும் கடலையும் பார்க்கச் சைவம் மாதிரிதான் இருக்கும், சம்பலில் சென்னாக்குன்னி இருக்கிறது. தீர்த்தமாடப் போகிறவர்களுக்குத் தெரியாமல் அதைக் கொடுத்தால் அது பெரிய தப்பு. நாங்கள் சென்னாக்குன்னி இல்லாத சம்பலைத் தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் வைத்திருக்கிறோம். அது காலியானால் "இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இறாலும் வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. இரண்டையும் பலகையில் எழுதிவிடுங்கள். கீழக்கரை வாடிக்கையாளர்கள் ஹலாலா என்று கேட்பது கறியைப் பற்றி மட்டும் இல்லை. சில சீனச் சாஸ்களில் ஒயின் சேர்ப்பார்கள், பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நோன்பு மாதம் பகலில் கடை மூடல். அசர் (பிற்பகல்) தொழுகைக்குப் பின் கடல்பாசியும் அத்தோவும் பார்சல் மட்டும். வருஷத்தில் எங்களுக்கு அதிக விற்பனை அந்த முப்பது நாள்தான். பெருநாளுக்கு மலேசியாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் இருபது, முப்பது பொட்டலம் என்று ஆர்டர் கொடுப்பார்கள். அட்வான்ஸ் வாங்காமல் எடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும்.

ராத்திரி கடை மூடுமுன் மூன்று வேலை. சம்பல் சட்டியில் மிச்சத்தின் மேல் எண்ணெய் ஒரு விரல் நிற்கிறதா பார்த்து மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். நெத்திலியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும், நம் கடல் காற்றுக்கு ஒரே ராத்திரியில் நமுத்துவிடும். அப்புறம் தேங்காய்க்காரருக்கு போன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் முற்றாத காயைத் தள்ளிவிடுவார், அதில் பால் இறங்காது.